டாங்கி சரக்குக் கப்பலான கதை: மினியேச்சர் மாற்றும் வேலை, இதுவரை

வார்கேம் மினியேச்சர், அதாவது மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான சின்னப் பொம்மைகள், சேர்க்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு மிச்சப் பெட்டி இருக்கும். எந்தப் படையிலும் சேராத வண்டி, தனியாகக் கிடக்கும் இறக்கை, ஸ்ப்ரூவிலேயே (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) தங்கிவிட்ட பீரங்கிகள். அந்தப் பெட்டியில் இருப்பதை விண்கலங்களாகவும் வேற்றுக்கிரக வண்டிகளாகவும் மாற்ற ஆரம்பித்தேன். இப்போது மூன்று வேலைகள் ஓரளவு உருவத்துக்கு வந்திருக்கின்றன. இதில் புதிதாக ஒட்டுவதைவிடச் செதுக்கி எடுப்பதுதான் பெரிய வேலை என்று அடித்துச் சொல்வேன்.

காரணம் அளவு. வார்ஹேமர் 40,000 மாதிரியான விளையாட்டுகளில் ஆள் பொம்மை சுமார் 28 மி.மீ. இருக்கும். ஏறக்குறைய 1/60 விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். என்னிடம் இருந்த, தரைக்கு மேலே மிதக்கும் வகை டாங்கியின் நீளம் 12 செ.மீ. அந்த விகிதத்தில் அது 7 மீட்டர் வண்டி. அதையே 1/1000 என்று எடுத்துக்கொண்டால் 120 மீட்டர் கப்பல். பிளாஸ்டிக் அதேதான், ஆனால் மேலே இருக்கும் ஒவ்வொரு சின்ன விஷயமும் "நான் 7 மீட்டர்" என்று கத்திக்கொண்டே இருக்கிறது. கைப்பிடி, கீல், ஓட்டுநரின் பார்வைத் துளை, முகப்பு விளக்கு, இருக்கை. ஒரு கைப்பிடி கண்ணில் பட்டால் போதும், அதைப் பிடிக்கும் கையை மனம் தானாக அளந்துவிடும். அத்தோடு கப்பல் காலி.

அதனால் டாங்கியில் முதலில் கைவைத்தது மேல்மூடியில். வட்டமான மூடி, விட்டம் 10 மி.மீ. கீலையும் கைப்பிடியையும் கத்தியால் சீவி, அரத்தால் தேய்த்து, 400 எண் உப்புத்தாள், அப்புறம் இன்னும் நைசான 800 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். மிஞ்சியது ஒரு வெறும் வட்டம். 1/1000-ல் அது 10 மீட்டர் அகலம், அதாவது சரக்கு இறக்கும் வாயில். மூடியைச் சுற்றியிருந்த ஆணித்தலைகளை மட்டும் விட்டுவைத்தேன். அரை மி.மீ. ஆணி இந்த விகிதத்தில் அரை மீட்டர் குமிழ். வாயிலைச் சுற்றி வரிசையாக எச்சரிக்கை விளக்குகள் என்று கண் ஏற்றுக்கொள்கிறது. எதை எடுக்கலாம், எதற்கு வேறு வேலை கொடுக்கலாம் என்று யோசிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

அடுத்து ஜன்னல்கள். ஒரு தளத்துக்கு 3 மீட்டர் உயரம் என்றால் 1/1000-ல் 3 மி.மீ. பக்கச் சுவர் 12 மி.மீ. உயரம், ஆக நான்கு தளம். பென்சிலால் 3 மி.மீ. இடைவெளியில் மெல்லிய கோடுகள் போட்டு, அவற்றின் மேல் ஊசி முனையால் வெளிர் மஞ்சள் புள்ளிகள் வைத்தேன். எல்லா ஜன்னலிலும் விளக்கு எரியக்கூடாது. இரண்டு எரிய, மூன்று அணைய, ஒன்று எரிய என்று ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். அந்தப் புள்ளிகள் விழுந்த பிறகு டாங்கி என்று யாரும் சொல்லவில்லை.

ஒட்டியதும் கொஞ்சம் உண்டு. 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் விண்கல மாடல்களிலேயே கடையில் விற்கும் டாங்கி, விமான கிட்களின் (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டிகள்) பாகங்களைத்தான் ஒட்டினார்கள். அந்த மாடல்கள் பெரியவை. நம்முடையது உள்ளங்கைக்குள் அடங்குவதால் டாங்கி பாகம் ஒத்துவராது. 1/700 போர்க்கப்பல் கிட்டில் வரும் பீரங்கி மேடைகளும் பாரம் தூக்கிகளும் கச்சிதமாகப் பொருந்தின. டாங்கியைப் பின்பக்கம் முன்னால் வருமாறு திருப்பி, பழைய எஞ்சின் துவாரங்களைச் சரக்கு வாயில்களாகவும், பீரங்கி இருந்த குழியை உந்துகலனாகவும் ஆக்கினேன். பரிச்சயமான வண்டி என்றால் இப்படித் திருப்பிப் போடுவது கட்டாயம் என்பேன். அதன் முகத்தைக் கண் தேடக்கூடாது.

இரண்டாவது வேலை எளிது. வார்ஹேமரில் வரும் டாவ் என்ற வேற்றுக்கிரகப் படையின் ட்ரோன்கள் ஏற்கெனவே வட்டத் தட்டு வடிவம். அடியில் தொங்கும் துப்பாக்கியை வெட்டி, மேலே இருக்கும் ஆன்டெனாவை நீக்கி, ஓட்டையை எபாக்ஸி புட்டியால் (பிசைந்து பூசினால் இறுகிவிடும் பசைமாவு) அடைத்தால் காவல் கலங்களின் சிறு அணி தயார்.

மூன்றாவது நேர் எதிர். இது 28 மி.மீ. ஆட்களோடு தரையில் நிற்க வேண்டிய வேற்றுக்கிரக வண்டி. அளவை மறைக்க வேண்டாம், மனிதர்கள் செய்ததாகத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். பூச்சி மாதிரியான ஒரு ராட்சத மிருகப் பொம்மையின் முதுகு ஓடு ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, குழிவான பக்கம் மேலே வரும்படி வைத்தேன். ஓட்டின் விலா மடிப்புகளே பயணிகள் ஒண்டும் அறைகளாகிவிட்டன. நுழைவாயில் 12 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். அதைப் பார்த்தாலே இதில் ஏறுகிறவர்கள் நிமிர்ந்து நடப்பவர்கள் இல்லை என்று புரியும். வேற்றுக்கிரகத்தன்மைக்கு ஒரு வாசல் செய்யும் வேலையை நூறு கொம்புகள் செய்யாது.

பசையைப் பற்றியும் கொஞ்சம். பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை பாலிஸ்டைரீன் வகை பிளாஸ்டிக் பொம்மைகளைக் கரைத்து ஒட்டும். ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிசின்), உலோகத்துக்கு அது பிடிக்காது, சூப்பர் குளூதான். ரெசினைத் தேய்க்கும்போது ஈரமாகத் தேய்த்து முகமூடியும் போடுங்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது. பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம்; அவற்றையும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய வண்ணத்தை நீக்க அசிட்டோன் பக்கமே போகவேண்டாம், பாலிஸ்டைரீன் கரைந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும்.

வண்ணத்திலும் அதே அளவு விதிதான். விளிம்புகளில் தடிமனாக வெளிர்கோடு இழுத்தால் கப்பல் உடனே சுருங்கிவிடும். சாம்பலின் இரண்டு மூன்று சாயல்களைத் தகடு தகடாகப் போட்டு, கடைசியில் பளபளக்காத மேட் வார்னிஷ். கீழ் விளிம்பில் சேறும் துருவும் பூசும் டாங்கிப் பழக்கத்தையும் கைவிட வேண்டும். விண்வெளியில் கீழ் என்பது கிடையாது. கரி படிந்தால் உந்துகலனின் வாயைச் சுற்றித்தான்.

சரக்குக் கப்பலுக்கு வார்னிஷ் காய்ந்துவிட்டது. அடியில் 3 மி.மீ. நியோடிமியம் காந்தம் பதித்தாகிவிட்டது. காவல் கலங்களுக்கு ஜன்னல் புள்ளி பாக்கி. ஓட்டு வண்டிக்கு இன்னும் கால்களா, மிதவையா என்று முடிவாகவில்லை. மிருகத்தின் சொந்தக் கால்களை வைத்தால் பழைய முகம் திரும்பிவிடும் என்பதால் மிதவைப் பக்கமே மனம் சாய்கிறது.