வெள்ளை ரத்தம், கடல் ரத்தம்

லேபில் சேர்ந்த புதிதில் ரத்தத்தைப் பார்த்துப் பயந்ததில்லை, ரிப்போர்ட்டில் ஸ்பெல்லிங் எழுதத்தான் பயம். டிப்ளமோ படிக்கும்போது அனீமியா, லுக்கோபீனியா, த்ராம்போசைட்டோபீனியா என்று மந்திரம் மாதிரி உருப்போட்டு பாஸ் ஆனவன் நான். அங்கே இருந்த சீனியர் அண்ணன்தான், "மனப்பாடம் பண்ணாதடா, உடைச்சுப் பாரு" என்றார்.

உடைத்தால் உள்ளே கிரேக்கம். ஹைமா என்றால் ரத்தம், முன்னால் 'அன்' ஒட்டினால் இல்லை என்று பொருள், ரத்தமில்லாமை, அனீமியா, அவ்வளவுதான். (நம்மவர்கள் 'சோகை' என்று இரண்டே எழுத்தில் முடித்துவிட்டார்கள்.) பீனியா என்றால் வறுமை. டெங்கு சீசனில் நாள் முழுக்க டைப் செய்யும் த்ராம்போசைட்டோபீனியா, ரத்தம் உறைய வைக்கும் அணுக்களுக்கு வந்த பஞ்சம்.

இந்த விளையாட்டு ஒருநாள் என்னையே சுட்டது. தொண்டையில் சீழ் வைத்த பையன், வெள்ளையணு பதினெட்டாயிரம். கவுன்டரில் ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டே அவன் அப்பாவிடம் "லுக்கோசைட்டோசிஸ் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அவர் காதில் விழுந்தது 'லுக்கோ' மட்டும்தான். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் மனிதர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். என் தப்புதான். லுக்கோஸ் என்றால் வெள்ளை சார், கிருமி வந்ததால் வெள்ளையணு கூடியிருக்கு, நீங்க படிக்கிறது லுக்கீமியா, ரத்தப் புற்றுநோய், அது வேற வியாதி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அதைக் கவுன்டரிலேயே சொல்லியிருக்கலாம்.

அந்த 'வேற வியாதி'யை ஒருமுறை கண்ணாலேயே பார்த்தேன். பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்ற அளவு) பார்க்க மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவோம். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவே நூல் அளவுக்கு வெள்ளையணுப் படலம். அன்று அந்த நூல் தடித்த பட்டையாக நின்றது. பெர்லினில் ஃபிர்கோ என்ற மருத்துவர் 1845-ல் இப்படியொரு நோயாளியைப் பற்றி எழுதியபோது 'வெள்ளை ரத்தம்' என்றுதான் தலைப்பு வைத்தார். 1847-ல் அதையே கிரேக்கத்தில் லுக்கீமியா ஆக்கினார். அந்தக் குழாயைப் பார்த்த பிறகு அது எனக்கு மருத்துவச் சொல்லாகவே தெரியவில்லை, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னது மாதிரி இருந்தது.

ஆனால் எல்லாச் சொல்லும் அவ்வளவு நேர்மையில்லை. ஹீமோஃபிலியாவில் இருக்கும் ஃபிலியா என்றால் அன்பு. ஒரு சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காத பிள்ளையின் அம்மாவிடம் இதை உடைத்துச் சொல்ல முடியுமா?

தலசீமியாவும் அப்படித்தான். தலசா என்றால் கடல். 1925-ல் கூலி என்ற அமெரிக்க மருத்துவர் முதலில் விவரித்த பரம்பரைச் சோகை நோய், மத்தியதரைக் கடலோரத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் அதிகம் தெரிந்ததால் 1932-ல் இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. எங்களிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, சிவப்பணு எண்ணிக்கை நிறைய, ஆனால் ஒவ்வொன்றும் பொடி சைஸ். மேல்பரிசோதனையில் தலசீமியா ட்ரெய்ட், அதாவது அந்த நோயின் மரபணுவைச் சுமக்கும் லேசான நிலை, என்று வந்தது. பேருக்கு என்ன அர்த்தம் தம்பி என்று அவரே கேட்டதால் சொன்னேன்.

"கடலா? நாங்க மானாவாரிக் காடு தம்பி, குடிக்கவே லாரித் தண்ணிதான்."