மாடித் தக்காளிக்கு ஒரு கைப்பிடி உரம்

ஜூன் 8, அல்சூர், பெங்களூரு

தக்காளி நட்டு 35 நாள். மொட்டு தெரிகிறது. 17:17:17 குருணை உரம் ஒரு கிலோ வாங்கி வந்தேன். நூறு கிராமில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் 17 கிராம் வீதம். நான்கு தக்காளித் தொட்டிகளுக்கும் பீப்பாயில் இருக்கும் எலுமிச்சைக்கும் தூரை ஒட்டி ஒவ்வொரு கைப்பிடி போட்டேன். மிளகாய்க்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஜூன் 11

தக்காளி இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகியிருக்கிறது. மண் ஈரமாகவே இருக்கிறது, ஆனாலும் உச்சி வெயிலில் செடி துவண்டு கிடக்கிறது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

ஜூன் 12

பாலக்கோட்டிலிருக்கும் அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். நாற்பது வருடம் தக்காளி போட்டவர். "எவ்வளவு போட்டாய், கண்ணு?" என்றார். சொன்னேன். "தூரிலேயேவா? அதுவும் உப்புத்தானே. அளவு மீறினால் வேரிலிருக்கும் தண்ணீரையே இழுத்துவிடும்" என்றார்.

சமையலறைத் தராசில் என் கைப்பிடியை நிறுத்தேன்: 40 கிராம். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் ஒரே நாளில் ஏறக்குறைய 7 கிராம் தழைச்சத்தைக் கொட்டியிருக்கிறேன்! வயலில் வேர் விலகிப் போக இடமுண்டு. தொட்டியில் அது எங்கே போகும்?

கரையாத குருணையைச் சுரண்டி எடுத்தேன். பிறகு தொட்டிக்கு மூன்று வாளி வீதம் மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்புக் கரிக்கும், அதனால் காவிரித் தண்ணீரைத்தான் செலவழித்தேன். இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய செலவு என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 29

ஒரு தக்காளி போய்விட்டது. மூன்று துளிர்த்திருக்கின்றன. எலுமிச்சைக்கு ஒன்றும் ஆகவில்லை, பீப்பாயில் மண் அதிகம்.

இன்று மிளகாய்க்குப் போட்டேன். தொட்டிக்கு ஒரு சிறு தேக்கரண்டி, 5 கிராம்தான். முதலில் மண்ணை நனைத்து, தொட்டியின் விளிம்போரம் விரலால் கீறி, தூவி மூடி, மறுபடி தண்ணீர் விட்டேன். இனி மாதம் ஒருமுறை. கூடவே இரண்டு கை மண்புழு உரம். தென்னைநார்க் கழிவு கலந்த மண்ணுக்கு உயிர் கொடுக்கக் குருணையால் ஆகாது.

ஜூலை 20

முதல் தக்காளிக் காயின் அடியில் கறுப்பாக, தோல் போன்ற திட்டு. "உரம் போதவில்லை" என்று என் கணவர் உர டப்பாவைத் திறந்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். இது காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது. சென்ற வாரம் மூன்று நாள் ஊரிலில்லை. தொட்டி காய்ந்து, பிறகு ஒரேயடியாக நனைந்தது. ஏற்றஇறக்கமாகத் தண்ணீர் கிடைத்தால் இப்படித்தான் ஆகும். இதற்குமேல் குருணை போட்டால் இன்னும் மோசமாகும். நாளை முதல் காலை ஆறரைக்குத் தண்ணீர், தவறாமல்.

ஆகஸ்ட் 9

திட்டு இல்லாத பழங்கள் ஒன்பது. மிளகாயில் பூ நிறைய.

மழை ஈரத்தில் குருணை கட்டிதட்டத் தொடங்கிவிட்டது. இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவுக்கு மாற்றி, குழந்தைக்கு எட்டாத பரணில் வைத்தேன். அந்தச் சிறு தேக்கரண்டியை நூலால் மூடியிலேயே கட்டிவிட்டேன்.