பொதிகைப் பக்கம் சரியும் அகத்திய நட்சத்திரம்

தை அமாவாசையை ஒட்டிக் கல்லிடைக்குறிச்சியில் உள்ள ஆச்சி வீட்டுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தபோது, நிலவில்லாத வானத்தைப் படமெடுக்க வேண்டும் என்ற என் நெடுநாள் ஆசை நிறைவேறியது. இரவு 11 மணியளவில் தெற்கே உச்சம் தொடும் அகத்திய நட்சத்திரம், இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடியாகப் பிரகாசமானது. சென்னையைவிட இங்கே சற்று உயரமாகவே நிற்கிறது. நள்ளிரவுக்குப் பின் அது தென்மேற்கே, அகத்தியர் வாழ்வதாக மக்கள் நம்பும் பொதிகைப் பக்கமாகச் சரிவதைக் கேமராத் திரையில் காட்டியதும், "அவுக வீட்டுக்குத்தானே போறாவ" என்றார்கள் ஆச்சி.

நான் வைத்த அளவுகள்: 24 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 20 வினாடி. அதற்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால், பூமி சுழல்வதால் விண்மீன்கள் கோடாக இழுபடும். இருட்டில் தானியங்கி ஃபோகஸை நம்ப முடியாது. பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையளவு சுருங்கும்வரை லென்ஸின் வளையத்தைக் கையால் மெல்லத் திருப்ப வேண்டும்.

விடியற்காலையில் கேமராவைக் கிழக்கே திருப்புவதுதான் வழக்கம் என்றாலும், இந்த ஊரில் மேற்கே திருப்புவதே சிறந்தது என்பேன். வயலில் வெயில் விழுமுன்பே மலையுச்சி சிவந்துவிடுகிறது. கீழே பிசானப் பருவ நெற்பயிரின் மேல் மூடுபனி இன்னும் நீலமாகவே கிடக்கிறது. இரண்டு நிறங்களும் சில நிமிடங்களே சேர்ந்திருக்கும் என்பதால், 6 மணிக்கே வரப்பில் முக்காலியை நிறுத்திவிட வேண்டும். லென்ஸில் படியும் பனியைத் துடைக்க மெல்லிய துணியும் கையில் இருக்கட்டும்.