மழையில் நனைந்த விளக்கு

நவம்பர் 11 அன்று மாலை கொலோனில் நல்ல மழை. அது புனித மார்ட்டின் நாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வெட்டிப் பாதியைக் கொடுத்த ரோமானியப் படைவீரரின் நினைவாக, குழந்தைகள் தாங்களே செய்த காகித விளக்குகளைக் குச்சியில் தொங்கவிட்டு, பாடிக்கொண்டே ஊர்வலம் போவார்கள். நாங்கள் ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நான்கு வயது மகனுக்குப் பாட்டில் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தான். பாதி வழியில் தாள் ஊறிக் கிழிந்தது. வீடு வரும்வரை அவன் அழவில்லை. கதவைச் சாத்தியதும் அழுதான்.

வட்டமான பாலாடைக்கட்டிப் பெட்டியின் மூடியை மேலேயும் அடிப்பாகத்தைக் கீழேயும் வைத்து, நடுவில் தாளைச் சுற்றி ஒட்டுவது இங்கே பிள்ளைகள் விளக்குச் செய்யும் ஒரு வழி. தாள் போய்விட்டது, அட்டைகள் மிஞ்சின. மூடியின் நடுவட்டத்தை ஏற்கெனவே வெட்டியிருந்ததால் அது வெறும் வளையமாக இருந்தது. அவன் அதைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு விரலால் தட்டினான். பார்த்ததும், "அட, தப்பு!" என்றேன்.

சட்டென்று கையை எடுத்துவிட்டான். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை அதட்டும்போது மட்டும்தான் அவன் கேட்டிருக்கிறான்.

அவனை மடியில் உட்கார வைத்துச் சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தப்பு என்றால் ஒரு வாத்தியம். மற்ற ஊர்களில் பறை என்பார்கள். பறை என்றால் சொல் என்றும் பொருள். மரச்சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் தோல் இருக்கும். அந்தத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டுவார்கள். தோலில் உள்ள ஈரம் போனால் அது இறுகும். இறுகினால் ஓசை ஏறும். இவ்வளவும் அவனுக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வைக்கோல் தீயைச் சிறுவயதில் எங்கள் திண்ணையிலிருந்துதான் பார்த்தேன். கிட்டே போகக்கூடாது என்றார்கள், போகவில்லை. சாதி வகுத்த தூரம் அது. வாசித்தவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது என்பது இப்போது உறுத்துகிறது. அவன் வளர்ந்ததும் இதையும் சொல்வேன்.

மறுநாள் நாங்களே ஒரு தப்பு செய்ய உட்கார்ந்தோம். புளியங்கொட்டைக்கு எங்கே போவது? ஆனால் இங்கே கிளைஸ்டர் என்று ஒரு தூள் இருக்கிறது. சுவரில் அலங்காரத் தாள் ஒட்டப் பயன்படுவது. குழந்தைகளின் கைவேலைக்கும் அதுதான். குளிர்ந்த தண்ணீரில் தூவிக் கலக்கி அரைமணி விட்டால் ஊறிக் கஞ்சிபோல் கொழகொழவென்று ஆகிவிடும். முழங்கைவரை அதில் விட்டுத் துழாவினான். ரொட்டி சுற்றும் மெல்லிய தாளைப் பசையில் முக்கி, வளையத்தின்மேல் போர்த்தி, ஓரத்தை மடித்து ஒட்டினோம். ஒன்று காய்வதற்குள் அடுத்தது என்று ஐந்து அடுக்கு.

அவசரப்பட்டு ஹீட்டர்மேல் வைத்தது என் பிழை. காகிதம் காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் முதலில் சுருங்கியதால் வளையமே முட்டை வடிவத்துக்குக் கோணிவிட்டது. அடுத்ததற்கு அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டோம். அதன் தரையை முழுவதும் வெட்டாமல் சுற்றிலும் ஒரு விரல் அகலம் விட்டோம். அந்த விளிம்பு வளையத்தைக் கோணவிடாமல் பிடித்துக்கொண்டது. வெட்டிய பக்கம் அடியில் இருக்க, திறந்த வாயில் தாளைப் போர்த்தி, இம்முறை அலமாரியில் ஒரு பகலும் இரவும் ஆற விட்டோம். ஈரத்தில் தொய்ந்து கிடந்த தாள் காலையில் அப்பளம்போல் விறைத்திருந்தது. ஒரு மெல்லிய மூங்கில் குச்சி, ஒரு கட்டைப் பென்சில். தட்டினான். 'டண்' என்றது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் தட்டினான்.

இந்த நாட்டில் குடியேறியதும் நாங்கள் கற்ற முதல் பாடம் ஜன்னலைத் திறப்பது. எவ்வளவு குளிரானாலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை சில நிமிடம் அகலத் திறந்து காற்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். லூஃப்டன் என்பார்கள். ஒரு மழைநாள் காலையில் நான் வழக்கம்போலத் திறந்துவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். ஜன்னலோரத்தில் தப்பு இருந்தது. சிறிது நேரத்தில் அவன் ஓடிவந்தான்.

"அம்மா, தப்புக்குத் தொண்டை கட்டிவிட்டது."

தட்டிப் பார்த்தேன். 'தொப்' என்றது. மழையின் ஈரக் காற்றைத் தாள் குடித்திருந்தது. ஹீட்டருக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கோணாமல் இருக்க மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன். நாற்காலியில் ஏறி நின்று இரண்டு கையாலும் பிடித்தான். அவ்வப்போது காதருகே கொண்டுபோய் ஒரு விரலால் சுண்டிப் பார்த்தான். அவனாகவே கண்டுகொண்ட வழக்கம் அது. நான் சொல்லித் தரவில்லை.

இரவு பத்துக்குமேல் இங்கே சத்தம் கூடாது. ஞாயிறு ஓய்வுநாள் என்பது அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அன்று சுவரில் துளைபோடவும் முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் குச்சிகள் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். விரல்நுனியால் மட்டும் வாசிக்கலாம். மெல்ல வாசிப்பதும் அவனுக்குப் பிடித்துவிட்டது.

அப்படி ஒரு ஞாயிறன்று ஊரில் இருக்கும் என் அப்பாவை வீடியோவில் அழைத்தோம். தாத்தா கேட்கவேண்டும் என்று ஃபோனுக்கு நேராகப் பிடித்து ஒரே மூச்சாக வாசித்தான். ஃபோன் அதை வெறும் இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிட்டதுபோலும். அப்பாவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பேரனின் விரல்கள் ஓடுவது மட்டும் தெரிந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே வந்தார்.

"இன்னும் கொஞ்சம் சூடு காட்டு, ராசா."

அவன் நாற்காலியை ஹீட்டர் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.