பதினைந்து குளிர்காலங்கள்

டிசம்பர் 14, 2024, சனி

காலை ஆறரை. வெளியே இன்னும் இருட்டு. பென்சில்வேனியாவின் இந்த ஹெர்ஷி ஊரில் எங்களுக்கு இது மூன்றாவது குளிர்காலம். மகளுக்கு ஐஸ் ஹாக்கிப் பயிற்சி, பழைய அரினாவில். ஸ்கேட்டின் கயிற்றை இறுக்கிக் கட்டி அவளை உள்ளே அனுப்பிவிட்டு, பிளாஸ்க்கில் கொண்டுவந்த காபியோடு மேல் வரிசையில் உட்கார்ந்துவிடுவேன்.

அங்கே உட்கார்ந்தால் கண் தானாகக் கூரைக்குத்தான் போகும். ஒரு பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்தது போல இருக்கும். முழுக்கக் கான்கிரீட். நடுவில் ஒரு தூண் கூடக் கிடையாது. உச்சியில் அந்தக் கான்கிரீட்டின் கனம் மூன்றரை அங்குலம், அதாவது என் உள்ளங்கை அகலம். ஆன்டன் டெடெஸ்கோ என்ற பொறியாளர் ஜெர்மனியில் கற்றுக்கொண்ட முறை இது. 1936-இல் அமெரிக்காவில் முட்டை ஓடு போல மெல்லிய கான்கிரீட் கூரை இவ்வளவு பெரிதாக வேறெங்கும் இல்லை.

பயிற்சி முடிந்ததும் ஜாம்போனி வண்டி வந்தது. அடியில் இருக்கும் பிளேடு ஐஸின் மேல் தோலைச் சீவி எடுக்கிறது. பின்னால் தொங்கும் துணி, வெந்நீரைத் தடவிக்கொண்டே போகிறது. பச்சைத் தண்ணீரை விட்டால் போதாதா என்று முன்பு நினைத்திருக்கிறேன். வெந்நீர் கீறல்களின் ஓரத்தை லேசாக உருக்கிப் பழைய ஐஸோடு கலந்து உறைகிறது. அப்போதுதான் பரப்பு கண்ணாடி போல வரும். வண்டி போன தடத்திலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. மகள் கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு அது அடங்கும்வரை பார்த்தாள்.

இந்த வண்டியை ஃபிராங்க் ஜாம்போனி கலிஃபோர்னியாவில் உருவாக்கியது 1949-இல். இந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணி ஹெர்ஷி பேர்ஸ். 1932-இல் தொடங்கிய அந்த அணிக்கு முதல் கோப்பை வந்ததே அதற்கு இரண்டு ஆண்டு முன்னால். அப்படியானால் அந்த முதல் பதினைந்து குளிர்காலமும் இந்த வேலையை ஆட்கள்தான் செய்திருக்க வேண்டும்: கையால் சீவி, அள்ளிக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, ஒவ்வோர் இடைவேளையிலும்.

டிசம்பர் 19, வியாழன்

இன்றைய தேதியில்தான், 1936-இல், இந்த அரினா திறந்தது. நியூயார்க் ரோவர்ஸை ஹெர்ஷி பேர்ஸ் வென்ற ஆட்டம். 7,286 இருக்கைகள். அன்றைக்கு ஊரின் மொத்த மக்களையும் குழந்தை குட்டியோடு உட்கார வைத்தாலும் நாற்காலி மிஞ்சியிருக்கும்.

அணியின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1931 பிப்ரவரியில் இரண்டு அமெச்சூர் அணிகளை இங்கே அழைத்து வந்து ஆட வைத்தார்கள். வில்லனோவா கல்லூரி ஒன்று, பிலடெல்ஃபியாவின் பென் ஏ.சி. என்ற விளையாட்டு கிளப் இன்னொன்று. இடம், 'ஐஸ் பேலஸ்' என்ற சின்ன அரங்கு. கூட்டம் வந்தது. சரி, நமக்கென்று ஓர் அணி வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். 1932-இல் சொந்த அணி, மூன்று மாநில லீக்கில். அடுத்த ஆண்டே கிழக்கு அமெச்சூர் லீக்.

முதலில் வைத்த பெயர் 'ஹெர்ஷி பார்ஸ்'. ஐந்து சென்ட்டுக்கு விற்ற சாக்லேட் கட்டியின் பெயரேதான். நியூயார்க்கில் முகம் சுளித்தார்கள்: இது விளையாட்டு அணியா, விளம்பரப் பலகையா? 1936-இல் பெயர் மாறியது. உச்சரிப்பில் கொஞ்சம் நகர்த்தினார்கள், 'பார்ஸ்' 'பேர்ஸ்' ஆகிவிட்டது. சாக்லேட் கரடியானது அப்படித்தான்.

அதே 1936 மார்ச்சில், கனடா எல்லையில் ஃபோர்ட் ஈரியில் இருந்த அரங்கின் கூரை பனிப் பாரம் தாங்காமல் விழுந்தது. பஃபலோ பைசன்ஸ் அணியின் வீடு அது. வீடில்லாத அணி அடுத்த சீசனில் பதினோரு ஆட்டம் ஆடியது, டிசம்பரில் மூட்டை கட்டிவிட்டது. அங்கே ஓர் அணி கலைந்த அதே மாதத்தில்தான் இங்கே இந்தக் கூரையின் கீழ் முதல் ஆட்டம். பஃபலோவின் ஆட்டக்காரர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சின்ன லீக் அணிகளைக் கொன்றது பெரும்பாலும் தோல்வியில்லை. தீ, பனி, வாடகை, பெட்ரோல்.

டிசம்பர் 28, சனி

விடுமுறை, பயிற்சி இல்லை. சாக்லேட் அவென்யூவில் நடந்தேன். தெருவிளக்குகள் எல்லாம் 'கிஸ்ஸஸ்' மிட்டாய் வடிவம். பழைய தொழிற்சாலையில் உற்பத்தி 2012-இல் நின்றுபோனது. அதற்கு முன்பு காற்றடித்தால் ஊரே கோகோ மணக்குமாம், பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வார்.

இந்த அணியைப் பற்றி எழுதும்போது, சாக்லேட் தொழிற்சாலையையும் இந்த ஊரையும் உருவாக்கிய மில்டன் ஹெர்ஷியைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவது சுலபம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நாடே வேலையில்லாமல் நின்றபோது, இவர் ஹோட்டல், சமூகக் கூடம், பள்ளி, அரினா என்று கட்டிக்கொண்டே போனார். கிட்டத்தட்ட 600 பேருக்கு அதில் வேலை. உண்மைதான், பெரிய காரியம்தான்.

ஆனால் அரினா திறந்த அதே சீசன் முடியும் தறுவாயில், 1937 ஏப்ரலில், தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பால் விற்க வழியில்லாத விவசாயிகளும் நிறுத்தத்தில் சேராத தொழிலாளர்களும் ஏப்ரல் 7 அன்று உள்ளே புகுந்து அவர்களை அடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். முதல் நாள் வரை அரினாவில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரே அணிக்குக் கத்தியவர்கள் இவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அடுத்த குளிர்காலம் எப்படி மறுபடி அதே வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்? அணியின் வெற்றி தோல்விக் கணக்கில் இதற்கு இடமில்லை. எனக்கு அதை விட்டுவிட்டு இந்த அணியை நேசிக்க முடியவில்லை.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இன்று புது அரங்கில், ஜயன்ட் சென்டரில். பேர்ஸ் 2002-இல் இங்கே மாறிவிட்டார்கள், பழைய அரினாவிலிருந்து நடந்து போகும் தூரம். இன்று பொம்மைக் கரடி வீசும் நாள். சொந்த அணி முதல் கோல் போட்டதும் எல்லோரும் கொண்டுவந்த பொம்மைகளை ஐஸ் மேல் எறிய வேண்டும். பிறகு அவை தொண்டு அமைப்புகள் வழியாகக் குழந்தைகளுக்குப் போகும்.

மகள் மூன்று கொண்டுவந்தாள். இரண்டைத்தான் வீசினாள். மூன்றாவது பழுப்புக் கரடியின் காதைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "இதுக்கு ஒரு காது தையல் விட்டிருக்குப்பா. இதை யாரு எடுத்துப்பாங்க?" யாராவது தைத்துக்கொள்வார்கள் கண்ணு என்றேன். வீசினாள். கண்ணாடிக்கு மேலே போய் விழுந்தது.

ஐஸ் தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்குப் பொம்மைகள், ஆட்டக்காரர்கள் அதற்குள் குதித்துப் புரள்கிறார்கள். அள்ளி முடிக்க வெகு நேரமானது. எண்ணிக்கை 1,02,343. உலக சாதனை. 2024-இல் இவர்களே வைத்த 74,599-ஐ இவர்களே தாண்டிவிட்டார்கள். இரவு பனி வரும் என்று எச்சரிக்கை இருந்ததால் சீக்கிரம் வீடு திரும்பினோம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலையிலேயே குக்கரில் வைத்து முடித்து, அலுவலகம்.

ஊரில் தம்பி போனில் கேட்டான்: "மைனர் லீக்னா ரெண்டாந்தரம்தானேண்ணே?" அவனுக்குச் சொன்னது: மேலே என்.ஹெச்.எல்., அதாவது நேஷனல் ஹாக்கி லீக். அதற்கு நேர் கீழ்ப்படி அமெரிக்கன் ஹாக்கி லீக், அங்கேதான் பேர்ஸ். இப்போது வாஷிங்டன் கேப்பிடல்ஸுக்கு ஆட்களைப் பழக்கி அனுப்பும் அணி. நன்றாக ஆடுகிற பையன் நாளைக்கே மேலே போய்விடலாம். யாருக்குக் கை தட்டிப் பழகினோமோ அவனை இழப்பதுதான் இந்த ரசிகர்களின் அன்றாடம். அப்படிப்பட்ட லீக்கில் 1938 முதல் ஓர் ஆண்டு கூட விடாமல் ஆடும் ஒரே பழைய அணி இதுதான்.

அந்த முதல் தொழில்முறை சீசனிலேயே தங்கள் பிரிவில் முதலிடம். பிறகு வந்தது காத்திருப்பு. 1941-இல் ஃபைனல், கிளீவ்லாண்ட் பேரன்ஸிடம் தோல்வி. 1942-இல் மறுபடி ஃபைனல், இண்டியானாபொலிஸிடம் தோல்வி. 1945-இல் மறுபடி கிளீவ்லாண்ட். மூன்று ஃபைனல், மூன்றும் போச்சு. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்புறம்?" என்றான். அப்புறம் என்று அவன் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிப்ரவரி 1, சனி

பயிற்சி முடித்து மகளோடு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மில்டன் ஹெர்ஷியும் மனைவி கேத்தரினும் ஒன்றாக இருக்கும் இடம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. 1909-இல் ஆதரவற்ற சிறுவர்களுக்காகப் பள்ளி தொடங்கினார்கள். கேத்தரின் 1915-இல் போனார். 1918-இல் சொத்தில் பெரும்பகுதியை மில்டன் அந்தப் பள்ளியின் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்.

அவர் இறந்தது 1945 அக்டோபர் 13, எண்பத்தெட்டு வயதில். அந்த வசந்தத்தில்தான் மூன்றாவது ஃபைனலும் தோற்றிருந்தது. இன்னும் இரண்டு சீசன் இருந்திருந்தால் பார்த்திருப்பார். 1947-இல் பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸோடு ஏழு ஆட்டம் வரை இழுத்த ஃபைனல், கோர்டி ஹென்றி கோல்கீப்பர், 4-3 என்று தொடரை வென்று லீக்கின் கால்டர் கோப்பை ஹெர்ஷிக்கு வந்தது. 2024 வரை மொத்தம் பதின்மூன்று கோப்பைகள். ஆனாலும் என் மனம் அந்த முதலாவதற்கே போகிறது. லாயிட் பிளின்கோவை நினைக்கிறேன். கனடாவிலிருந்து வந்து 'பார்ஸ்' சட்டை போட்ட முதல் ஆட்டக்காரர்களில் ஒருவர். பிறகு பயிற்சியாளர், மேலாளர் என்று கடைசிவரை இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். சாக்லேட் பெயரில் ஆடிய அணி கோப்பையைத் தூக்கியதை அவரால் பார்க்க முடிந்தது.

மகள் கல்லில் இருந்த பனியைக் கையுறையால் துடைத்தாள். "இவரு ஹாக்கி ஆடுவாராப்பா?" இல்லை, இடம் கட்டிக் கொடுத்தார் என்றேன். வண்டிக்குத் திரும்பும்போது அவள் ஸ்கேட் பையைத் தோளில் மாற்றிக்கொண்டே கேட்டாள், அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே போகலாமா, ஜாம்போனி ஓடுவதை முதலிலிருந்து பார்க்கலாம் என்று.