வீடியோச் சமிக்ஞையுடன் மைக்ரோகன்ட்ரோலரை ஒத்திசைத்தல்: இறுதியாண்டு மாணவர்களுக்கு

கெமரா தரும் படத்தின் மேல் எழுத்துகளைப் பதிக்கும் சுற்றொன்றைக் கொழும்பில் என் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் செய்தேன். எழுத்தைத் திரையில் வரவழைப்பதை விட, அதை ஆடாமல் நிறுத்துவதே பெரிய வேலை. வாய்மொழிப் பரீட்சையிலும் கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தன.

நம் நாட்டில் வழங்கும் பிஏஎல் தொலைக்காட்சி முறையில் படத்தின் ஒரு வரிக்கு 64 மைக்ரோசெக்கன். 16 மெகாஹேர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலருக்கு அது சரியாக 1024 கடிகாரச் சுழற்சிகள். வரிகளின் தொடக்கத்தைக் குறிக்கும் ஒத்திசைவுத் துடிப்புகளை வீடியோவிலிருந்து எல்எம்1881 சிப் பிரித்துத் தந்துவிடும். அந்தச் சிப்பைக் கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் தேடிப் பாருங்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். துடிப்பு வந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை முடிந்த பின்னரே இன்டரப்ட், அதாவது நடக்கும் வேலையை இடைநிறுத்தித் துடிப்பைக் கவனிக்கும் நிரல், தொடங்கும். அக்கட்டளை ஒரு சுழற்சியிலும் முடியலாம், நான்கிலும் முடியலாம் என்பதால், வரிக்கு வரி தொடக்கம் மாறி எழுத்தின் ஓரம் நடுங்கும். இன்டரப்டை வேகப்படுத்த முயல்வதில் பயனில்லை. தாமதத்தை அளந்து சமப்படுத்துவதே வழி. துடிப்பை, அது வரும் நேரத்தைப் பதியும் இன்புட் கப்சர் முனைக்குக் கொடுத்தால், சுழற்சிகளை எண்ணும் டைமர் 1இன் எண் அந்தக் கணத்திலேயே ஐசிஆர்1 பதிவேட்டில் பதிந்துவிடும். இன்டரப்டுக்குள் நுழைந்ததும் டைமரின் தற்போதைய எண்ணிலிருந்து அதைக் கழித்து, மிக நீண்ட தாமதத்துக்கு எஞ்சிய சுழற்சிகளை வெற்றுக் கட்டளைகளால் நிரப்பினால், எல்லா வரிகளும் ஒரே இடத்தில் தொடங்கும். ஆர்டுயினோ பயன்படுத்துவோர் டைமர் 0இன் இன்டரப்டை நிறுத்திவிட வேண்டும். அது குறுக்கிடும்போது ஏற்படும் தாமதம் இந்த நிரப்பலுக்குள் அடங்காது.

இதை ஆய்வுகூடத்தில் கண்ணால் பார்த்துவிட்டே பரீட்சைக்குச் செல்லுங்கள். ஒசிலோஸ்கோப்பை ஒத்திசைவுத் துடிப்பில் ட்ரிகர் செய்து, வெளியீட்டு முனையின் விளிம்பைப் பெரிதாக்கினால், திருத்தத்துக்கு முன் பல கோடுகளாகச் சிதறிய விளிம்பு, பின்னர் 62.5 நனோசெக்கன், அதாவது ஒரு சுழற்சி, அகலத்துக்குள் ஒடுங்குவதைக் காணலாம். அந்த இரு படங்களையும் அறிக்கையில் சேர்ப்பது, பக்கம் பக்கமாக எழுதும் விளக்கத்தை விட வலுவானது.

எஞ்சிய அந்த ஒரு சுழற்சி ஏன் போகவில்லை என்று பரீட்சகர் நிச்சயம் கேட்பார் என எண்ணித் தயாராகுங்கள். கெமராவின் கடிகாரமும் நமது பளிங்கும் தனித்தனியே ஓடுவதால், துடிப்பு நம் சுழற்சியின் எந்தப் பகுதியிலும் வந்து விழலாம். மென்பொருளால் அதற்குள் நுழைய முடியாது. அதையும் நீக்க வேண்டுமாயின், கடிகாரத்தையே வீடியோவுடன் பூட்டும் பிஎல்எல் சுற்றுத் தேவை.