பேர் வைத்தால் பால் கூடுமாம்

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது போனில் கண்ணில் பட்டது. பேர் வைத்துக் கூப்பிடும் மாடு, பேரில்லாத மாட்டைவிட அதிகம் கறக்குமாம். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேதரின் டக்ளஸ், பீட்டர் ரௌலின்சன் என்ற இரண்டு பேர் 516 பால் பண்ணைக்காரர்களிடம் விசாரித்து எழுதியது. வருடத்துக்கு 258 லிட்டர் கூடுதல். 2009இல் வெளிவந்து, அதே வருடம் இக் நோபலும் வாங்கிவிட்டது. முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு அது. எனக்கு முதலில் வந்தது எரிச்சல்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"பேரு வெக்காத மாட்ட எப்படிக் கண்ணு கூப்படறது?"

எங்களிடம் நான்கு உருப்படி. மயிலையும் செவலையும் காங்கேயம். ஜெர்சி கிராஸுக்கு லட்சுமி என்று பேர். அதன் கன்றை இப்போதைக்கு எல்லோரும் குட்டி என்கிறோம். அந்த ஆராய்ச்சிக்காரர்கள் என்னிடம் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? மயிலை என்பது நிறம். இந்தப் பக்கம் பாதி மாடு மயிலைதான். ஆனால் கொறங்காட்டுக் கிளுவை வேலியோரம் நின்று அம்மா "மயிலே" என்று ஒரு குரல் கொடுத்தால் எங்களுடையது மட்டும்தான் வரும். அது பேரா, இல்லையா?

இன்னொன்று. பேர் வைக்கிற ஆள் முதுகைத் தடவிக் கொடுப்பான், நேரத்துக்குத் தண்ணீர் காட்டுவான், காது தொங்கினால் பதறுவான். பால் கூடியது பேராலா, தவிட்டுத் தண்ணீராலா? விசாரித்து எழுதியதில் அது எப்படிப் பிரியும்? மிரண்ட மாட்டுக்கு அட்ரினலின் என்ற சுரப்பு ஏறும்; பாலை இறக்கிவிடுகிற ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு வேலை செய்யாது. அதெல்லாம் பழைய பாடம். புது ஆள் கை வைத்தால் லட்சுமி பாலை அடக்கிக்கொள்வதை நாங்கள் தினம் பார்க்கிறோம். அந்த லட்சுமிக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்க எந்தப் பல்கலைக்கழகமும் எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை.

இதையெல்லாம் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதும் மச்சானிடம் போனில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்ள, மஞ்சள் கேஸு ஞாபகம் இருக்குதா?" என்றார்.

இருந்தது, அரைகுறையாக. புண்ணுக்கு மஞ்சள் போட்டால் ஆறும் என்பதற்கு 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். அடுப்படி வெட்டுக்காயத்துக்கு மஞ்சள் அப்பாத அம்மிச்சி இங்கே உண்டா? ஆனால் இது புதுசில்லை என்று காட்ட "ஊருக்கே தெரியும்" என்பது அங்கே செல்லாது. அச்சில் இருக்க வேண்டும். நம் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு 32 சான்றுகளைத் தேடிக் கொடுத்தது. பழைய சமஸ்கிருத நூல்களோடு, 1953இல் இந்திய மருத்துவ சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையும் அதில் இருந்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது.

"அந்த 1953 ஆளு கிட்டயும் எவனாச்சும் கேட்டிருப்பான், மஞ்சளுக்கெல்லாம் ஒரு கட்டுரையான்னு" என்றார் மச்சான். பதில் சொல்ல வரவில்லை. மின்சாரம் வந்துவிட்டது, மோட்டார் போட வேண்டும் என்று போனை வைத்தேன்.

சாயங்காலம் எனக்கே ஒரு ஆசை வந்தது. லட்சுமி காதில் அரசாங்கம் மாட்டிய மஞ்சள் தோடு இருக்கிறது, 12 இலக்கம். அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, கட்டுத்தரைக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாகப் படித்தேன். ஏழாவது இலக்கத்திலேயே திரும்பிப் பார்த்தது!

"பாத்தீங்களாம்மா, நம்பருக்கும் திரும்புது" என்றேன்.

"கையில புண்ணாக்கு வாளிய வெச்சுட்டு நின்னா திரும்பாம என்ன பண்ணும் சாமி?"